கண்ணில் ஊசி போட்ட பிறகு வரும் வலி

சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவது இன்று வழக்கமான சிகிச்சை. ரத்தக்குழாய்க் கசிவை அடக்கி, பலருடைய பார்வையை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஊசி போட்ட கண் சிவந்தால் எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான்.

முதல் நாள் மண் விழுந்ததுபோல் உறுத்தும். பெரும்பாலும் அது ஊசிக்கு முன் கண்ணில் விடும் போவிடோன் அயோடின் மருந்தின் எரிச்சல். வெள்ளை விழியில் ரத்தத் திட்டு தெரிந்தாலும், வலியும் மங்கலும் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் தானே கரைந்துவிடும்.

உறுத்தல் அடங்கிய கண் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மறுபடி வலித்து, பார்வை மங்கி, வெளிச்சம் கூசினால் அது வேறு கதை. கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். எண்டாஃப்தால்மைட்டிஸ் என்ற இந்தத் தொற்று சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. வந்தால் சில நாட்களிலேயே பார்வையைப் பறித்துவிடும்.

கிருமி பெரும்பாலும் இமையோரத்திலிருந்து வரும்; வாயிலிருந்தும் வரும். புற்றுநோய்க்கென வந்த பெவாசிசுமாப் மருந்தின் ஒரே குப்பியைப் பல சிரிஞ்சுகளில் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். விலை குறைவு என்பதால் ஏழைகளுக்கு இது பெரிய உதவி. பிரிக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு தவறு பலரைத் தாக்கும். 2011இல் அமெரிக்காவின் மியாமி பகுதியில் அப்படித்தான் 12 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பெரும்பாலோர் பார்வை இழந்தனர். காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மனிதர்களின் வாயில் வாழ்வது. ஊசி போடும்போது டாக்டர் முகக்கவசம் அணிவதும், பேச வேண்டாம் என்று நம்மிடம் சொல்வதும் இதனால்தான்.

கிருமியே இல்லாமலும் கண் அழலும். மருந்தே அதைக் கிளப்பிவிடும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோலூசிசுமாப், சிலருக்கு விழித்திரை ரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்குவதாக அடுத்த ஆண்டே தெரியவந்தது. இவ்வகையில் வலி குறைவாக இருக்கலாம். மங்கலும், கண்முன் பூச்சி பறப்பதும்தான் அடையாளம். இதற்கு ஸ்டீராய்டு உதவும். அதே ஸ்டீராய்டை மட்டும் தொற்றுள்ள கண்ணில் விட்டால் சிவப்பு மறையும், உள்ளே கிருமி பெருகும். மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்குவதை இதனால்தான் கைகூப்பித் தடுக்கத் தோன்றுகிறது.

ஊசியோடு நில்லாமல், கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளை அகற்றும் விட்ரெக்டமி அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கு நிலைமை சற்று மாறும். சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே கசிபவை என்பதால் அழற்சி கூடுதலாகவே இருக்கும். சிவப்பு போனதும் டாக்டர் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. அவரே படிப்படியாகக் குறைப்பார். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் மறுபரிசோதனையையும் தவறவிட முடியாது.

தொற்று என்று சந்தேகித்தால் கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் வான்கோமைசின், செஃப்டாசிடிம் மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவார்கள். “மறுபடியும் ஊசியா?” என்று தயங்குபவர்கள் உண்டு. சொட்டு மருந்தோ மாத்திரையோ தேவையான அளவுக்கு அங்கே போய்ச் சேராது. வலியோ மங்கலோ தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றே அவசரப் பிரிவுள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில் போட்டார்கள் என்ற சீட்டும் கையில் இருக்கட்டும்.