நோயாளியின் வீடும் ஊராரின் கடமையும்

நம் கிராமங்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் ஊரே திரண்டு நிற்கிறது. பந்தல் போடுவோர், உறவினருக்குச் செய்தி சொல்வோர், சோறு சமைத்து அனுப்புவோர் என ஆளுக்கொரு பணியை ஏற்கின்றனர். ஆனால் அதே வீட்டில் ஒருவர் புற்றுநோயாலோ பக்கவாதத்தாலோ மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது அவ்வாசற்படியை மிதித்தவர் எத்தனை பேர்? இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நோயாளியைக் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். எழ இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் உண்டாகும். உணவூட்டல், உடல் துடைத்தல், மருந்து கொடுத்தல் யாவும் அவர் ஒருவர் தலைமேல் விழுகின்றன. கூலி வேலை நின்றுபோகிறது. உறக்கமின்றி அவர் உடலும் தளர்கிறது.

வலியைப் பொறுத்துக் கொள்வதே விதி என்னும் எண்ணம் தவறானது. மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மார்ஃபின் முதலிய மருந்துகளால் புற்றுநோயின் வலியைப் பெரிதும் தணிக்க இயலும்.

இப்பணியில் அண்டை மாநிலமாகிய கேரளம் நல்வழி காட்டியுள்ளது. 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. மருத்துவமனைக்கு வர இயலாதோர்க்கு உதவ, பின்னர் மலப்புரம் முதலிய பகுதிகளில் அக்கம்பக்கத்தாரைக் கொண்ட குழுக்கள் அமைந்தன. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக் கூடியவர்கள் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாயினர். 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. வீடு தேடிச் செல்லும் செவிலியரின் பணியில் ஊராட்சிகளும் பொறுப்பேற்றன.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வரும் நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். எனினும் செவிலியர் வந்து சென்றபின் எஞ்சும் நாட்கள் ஊராரின் பொறுப்பேயாகும்.

ஊராட்சி உறுப்பினர் தத்தம் வார்டில் படுக்கையில் உள்ளோரை அறிந்து, குடும்பத்தாரின் இசைவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் முறை வைத்துச் சென்று, கவனிப்பவர் சில மணி நேரம் உறங்கவோ வெளியே சென்று வரவோ வழி செய்யலாம். உழவர்கள் அக்குடும்பத்தின் வயலுக்கு நீர் பாய்ச்சித் தரலாம். வண்டி வைத்திருப்போர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். இவை எதற்கும் பெருநிதி தேவையில்லை.

செல்வோர் சில நெறிகளைப் பேண வேண்டும். மருந்தைத் தாமாக மாற்றலாகாது. மூச்சுத் திணறலோ இரத்தப்போக்கோ கண்டால் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசலாகாது. நோயாளி மறைந்தபின் கவனித்தவரைத் தனியே விட்டுவிடலும் ஆகாது.

அடுத்த கிராம சபையிலேயே இதனைப் பொருளாக எடுத்துப் பேசுவோமாக. சாவு வீட்டிற்கு விரைந்து செல்லும் நாம், நோயுற்றவர் வீட்டிற்கும் முன்னதாகவே செல்வோமாக.