முதல் மரியாதை மாணவருக்கு

1978-ம் ஆண்டு ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் இறுதித் தொடருக்கு டோக்கியோவின் யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி முதன்முறையாகத் தேறி வந்தது. அணி பிறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் உள்ளூரில் ஆட வேண்டிய ஆட்டங்களை ஆட அதன் சொந்த மைதானத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில் அங்கே கல்லூரி மாணவர்களின் லீக் நடந்துகொண்டிருந்தது. மாணவர்களை நகரச் சொல்லும் வழக்கம் அந்த மைதானத்தில் கிடையாது. ஸ்வாலோஸ், தன் பரம எதிரியான ஜயன்ட்ஸ் அணியின் கொராக்குஎன் மைதானத்துக்குப் போய் ஆடியது. கடைசி ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) செல்லுமா செல்லாதா என்ற தகராறில் 1 மணி 19 நிமிடம் ஆட்டம் நின்றது. பிறகு ஸ்வாலோஸ் கோப்பையை வென்றது. வென்ற இடம் அயலார் வீடு.

2021-லும் இதே கதைதான். மாணவர் போட்டிகள் நடந்ததால் இறுதித் தொடரில் ஸ்வாலோஸின் உள்ளூர் ஆட்டங்கள் டோக்கியோ டோமுக்குப் போயின.

அந்த மைதானத்தின் பெயர் மெய்ஜி ஜிங்கூ. நம் ஊரில் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட உரிமை. பணக்காரர் புதிதாக வந்தாலும் வரிசை மாறாது. ஜிங்கூ மைதானத்தில் அப்படி ஒரு முதல் மரியாதை கல்லூரி மாணவர்களுக்கு இருக்கிறது. இந்த ஒப்புமை வெறும் அலங்காரம் அல்ல. அந்த மைதானம் உண்மையிலேயே ஒரு கோயிலின் சொத்து. 1912-ல் இறந்த மெய்ஜி பேரரசரின் நினைவாக 1920-ல் எழுந்த ஷின்டோ ஆலயம்தான் அதன் உரிமையாளர். ஆலயத்தின் வெளித்தோட்டத்தில் 1926 அக்டோபரில் மைதானம் திறந்தபோது, பின்னாளில் பேரரசரான பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ வந்து ஆட்டம் பார்த்தார். அன்றைக்கு ஜப்பானில் தொழில்முறை லீக் என்று ஒன்று இல்லை. பேஸ்பால் என்றாலே கல்லூரி பேஸ்பால்தான்.

கதைக்குள் போவதற்கு முன் அந்த மண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம். கிரிக்கெட்டில் பந்தை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எங்கும் அடிக்கலாம். அதனால் மைதானம் வட்டமாக இருக்கிறது. பேஸ்பாலில் செங்கோணமாகப் பிரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவே அடித்தால்தான் பந்து செல்லும். அதனால் மைதானம் விரித்த பனையோலை விசிறி போல இருக்கும். விசிறியின் காம்பு சேரும் இடத்தில் ஹோம் பிளேட், அங்கேதான் மட்டையாளர் நிற்பார். அவருக்கு வலக்கைப் பக்கம் 27.43 மீட்டரில் முதல் பேஸ், இடக்கைப் பக்கம் அதே தூரத்தில் மூன்றாவது பேஸ். இந்த வலம், இடம் இரண்டையும் நினைவில் வையுங்கள். பின்னால் ஓர் ஆப்பிள் வரப்போகிறது.

பந்து எறிபவர் 18.44 மீட்டர் தள்ளி, 25.4 செ.மீ. உயரமுள்ள ஒரு மண்மேட்டின் மேல் நிற்கிறார். அவர் ஓடி வருவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு காலைத் தூக்கி, மேட்டின் சரிவில் எட்டி ஊன்றி எறிகிறார். ஒரே இடத்தில் நூறு தடவைக்கு மேல் ஊன்றினால் அங்கே குழி விழாமல் இருக்குமா? 1982 முதல் ஜிங்கூவில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். பேஸ்களைச் சுற்றியும் இந்த மேட்டிலும்தான் மண். பகலில் மாணவர்கள், மாலையில் தொழில்முறை வீரர்கள் என ஒரே நாளில் இரு தரப்பும் ஆடும் நாட்களில், பணியாளர்கள் அந்தக் குழியை நிரப்பி, நீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி மேட்டை மீண்டும் உருவாக்குகிறார்கள். பகலில் ஒரு மாணவனின் கால் தோண்டிய அதே இடத்தில் மாலையில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவரின் கால் ஊன்றுகிறது. மாணவர் ஆட்டம் முடியும்வரை தொழில்முறை வீரர்கள் வேறிடத்தில் பயிற்சி செய்து காத்திருப்பார்கள். மாணவர்களும் ஒன்று விட்டுக்கொடுக்கிறார்கள்: அந்த நாட்களில் ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை என்றால் கூடுதல் இன்னிங்ஸ் கேட்காமல் அத்துடன் முடித்துக்கொள்வார்கள்.

இந்த உரிமை எப்படி வந்தது? 1872-ல் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தம் மாணவர்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளி பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேர்களில் ஒன்றானது. 1894-ல் சூமான் கனாயே இதற்கு ‘யாக்யூ’ என்று ஜப்பானியப் பெயர் வைத்தார். வெளிநிலத்துப் பந்து என்று பொருள். 1903-ல் வாசேடா பல்கலைக்கழகம், கேயோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு சவால் கடிதம் அனுப்பியது. அந்த முதல் மோதலில் கேயோ 11-9 என்று ஜெயித்தது. மூன்றே ஆண்டில் இந்தப் போட்டி கைமீறிப் போனது. 1906-ல் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தபோது, இரு தரப்பு ஆதரவாளர்களின் வெறியைப் பார்த்துப் பயந்து மூன்றாவது ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

அடுத்த 19 ஆண்டுகள் இரு அணிகளும் மோதவே இல்லை. இதில் எனக்கு மிகவும் வியப்பான செய்தி, 1914-ல் வாசேடா, கேயோ, மெய்ஜி மூன்றும் சேர்ந்து லீக் தொடங்கியதுதான். ஹோசேய் 1917-லும் ரிக்கியோ 1921-லும் அதில் சேர்ந்தன. ஒரே லீக்கில் இருந்துகொண்டே வாசேடாவும் கேயோவும் மற்ற அணிகளோடு மட்டும் ஆடின, ஒன்றோடொன்று ஆடவில்லை! பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து முகம் பார்க்காமல் சாப்பிடுவதைப் போல. 1925-ல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் ஆறாவதாகச் சேர்ந்தது. வாசேடாவும் கேயோவும் மீண்டும் மோதின. ஆறு பல்கலைக்கழக லீக் முழுமையடைந்தது. மறு ஆண்டு ஜிங்கூ திறந்தது. கட்டுமானச் செலவில் லீக்கும் பங்கு கொடுத்தது. கூட்டம் கொள்ளாமல் 1931-ல் விரிவாக்கியபோதும் லீக்கின் பணம்தான் முன்நின்றது. கோயில் நிலம், மாணவர் காசு. முதல் மரியாதைக்கு இதைவிட வலுவான பட்டயம் வேண்டுமா?

இப்போது ஆப்பிள். 1933 அக்டோபர் 22, வாசேடாவுக்கும் கேயோவுக்கும் ஆட்டம். வாசேடா மாணவர் கூட்டம் மூன்றாவது பேஸ் பக்கம் இருந்தது. அந்தப் பேஸைக் காத்து நின்றவர் கேயோவின் மிசுஹாரா ஷிகேரு. இருக்கைகளிலிருந்து அவர்மீது கண்டதும் விழுந்தது. அதில் வந்து விழுந்த, கடித்த மிச்ச ஆப்பிளை அவர் எடுத்துத் திருப்பி வீசினார். கேயோ 9-8 என்று ஜெயித்ததும் வாசேடா கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தார்கள்: வாசேடாவுக்கு எப்போதும் முதல் பேஸ் பக்கம், கேயோவுக்கு எப்போதும் மூன்றாவது பேஸ் பக்கம். இன்றுவரை அது மாறவில்லை. மிசுஹாரா பின்னாளில் ஜயன்ட்ஸ் அணியின் புகழ்பெற்ற மேலாளராக உயர்ந்தார்.

தொழில்முறை பேஸ்பால் பிறந்த கதையிலும் இந்த மைதானம் இருக்கிறது. 1934 நவம்பரில் பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தோடு வந்த அமெரிக்க அணி, இந்த மண்ணில்தான் தன் பயணத்தின் முதல் ஆட்டத்தை ஆடியது. மாணவர்கள் தொழில்முறை வீரர்களோடு ஆடக் கூடாது என்று 1932-லேயே கல்வி அமைச்சகம் ஆணை போட்டிருந்தது. அதனால் படிப்பை முடித்தவர்களையும் படிப்பை விட்டவர்களையும் சேர்த்து ஒரு ஜப்பான் அணியை அமைத்தார்கள். அந்த அணியிலிருந்துதான் இன்றைய ஜயன்ட்ஸ் வந்தது. 1936-ல் தொழில்முறை லீக் தொடங்கியது. மைதானத்தைவிடப் பத்து வயது இளையது அது. ஜிங்கூவில் காலூன்ற இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1945 மே மாத விமானத் தாக்குதலில் மைதானம் எரிந்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டு ‘ஸ்டேட்சைட் பார்க்’ என்று பெயர் வைத்தது. 1952-ல்தான் திரும்பக் கிடைத்தது.

அதன் பிறகான ஆண்டுகளில் ஒரு வாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த லீக்கில் ஓர் எதிரணியோடு முதலில் இரண்டு ஆட்டம் ஜெயிப்பவருக்குத்தான் வெற்றிப் புள்ளி. 1960 நவம்பரில் மூன்று ஆட்டங்களில் 2-1 என்ற கணக்கில் வாசேடா கேயோவை வென்றதில் இரு அணிகளும் பட்டத்துக்குச் சமமாக வந்து நின்றன. தீர்ப்பு ஆட்டம் 11 இன்னிங்ஸ் போய் 1-1 என்று நின்றது. மீண்டும் ஆடினார்கள், 11 இன்னிங்ஸ், 0-0. அன்று மைதானத்தில் விளக்குகள் இல்லை, இருட்டியதும் பந்து தெரியாது. மூன்றாவது தடவையில் வாசேடா 3-1 என்று ஜெயித்தது. ஆறு ஆட்டங்களில் ஐந்தை வாசேடாவின் அந்தோ மோதோஹிரோ தனியாளாக முழுக்க எறிந்து முடித்தார்: 49 இன்னிங்ஸ், 564 பந்துகள். இன்றைய பயிற்சியாளர் எவரும் ஓர் இளைஞனின் தோளை இப்படி வதைக்க விடமாட்டார், விடவும் கூடாது. ஆனாலும் அந்த எண்களைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

தொழில்முறை அணிகள் 1962-ல்தான் உள்ளே வந்தன. ஒலிம்பிக்ஸுக்காகத் தன் மைதானத்தை இழந்த தோயே ஃப்ளையர்ஸ் முதலில் வந்தது. 1964-ல், அன்று கொக்குதெத்சு என்ற பெயரிலிருந்த ஸ்வாலோஸ் குடிவந்தது. 1978 ஏப்ரலில் வெளி மைதானத்துப் புல்சரிவில் பீர் அருந்தியபடி ஸ்வாலோஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு ஜாஸ் மதுக்கடைக்காரர். டேவ் ஹில்டன் அடித்த பந்தின் ஓசையைக் கேட்ட நொடியில், தன்னால் நாவல் எழுத முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அவர்தான் ஹருகி முரகாமி, வாசேடாவில் படித்தவர்.

இப்போது இந்த மைதானத்தை இடித்து, பக்கத்திலிருக்கும் ரக்பி மைதானத்தோடு இடம் மாற்றிக் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. 2023-ல் அனுமதி கிடைத்தது. மரங்கள் போய்விடும் என்று முரகாமி எதிர்த்தார். இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோ, சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் டோக்கியோ ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். பேப் ரூத் ஆடிய மைதானங்களில் இன்றும் நிற்பவை உலகிலேயே சொற்பம், அதில் ஒன்று இது. எனக்கும் அந்தக் கட்டடம் போவதில் வருத்தம்தான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிய கவலை, புதிய இடத்தில் அந்தப் பழைய வரிசை நிற்குமா என்பதே.

டோக்கியோ பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே கடினமான நுழைவுத்தேர்வை எழுதி வந்த பிள்ளைகள். லீக் பட்டத்தை ஒரு தடவைகூட வென்றதில்லை. 2010-லிருந்து 94 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றார்கள். 2015 மே 23 அன்று, பத்தாவது இன்னிங்ஸில் ஹோசேயை 6-4 என்று வென்றார்கள். அந்த 94 தோல்விகளின்போதும், ஆட்டம் எவ்வளவு நேரம் இழுத்தாலும், மைதானம் அவர்களுடையதாக இருந்தது. மாலையில் ஆட வேண்டிய தொழில்முறை வீரர்கள் அவர்கள் முடிக்கும்வரை வெளியே காத்திருந்தார்கள்.