ஒரே பெஞ்ச், பல விலை

மலிவான தொழில்நுட்பக் கல்லூரியைத் தேடி பெங்களூர் வரும் வெளிநாட்டு மாணவர்கள் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்கள்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், தொழிற்சாலைகள் நெருக்கியடிக்கும் ஊர் பொம்மசந்திரா. பயோகானின் பெரிய வளாகமும், நாராயணா ஹெல்த் சிட்டி மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது, 19 கி.மீ. பாதையின் கடைசி நிலையமாக இந்த ஊர் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அதே சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி.யும் பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமும் உண்டு. ஆனேக்கல் பக்கம் திரும்பினால் அலையன்ஸ் பல்கலைக்கழகம். நகர மையத்தைவிட வாடகை குறைவு. ஓசூர் பக்கத்திலேயே இருப்பதால் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பிள்ளையை அனுப்ப நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது நிறைய இருக்கிறது. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 49,348 பேர். அவர்களில் 10,231 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், கர்நாடகத்தில் படித்தார்கள். நேபாளத்தவர்களே அதிகம். இவர்களில் பெரும்பாலோரை இழுத்து வந்தது குறைந்த செலவு என்ற நம்பிக்கை. ஆனால் யாருக்குக் குறைந்த செலவு என்பதுதான் கேள்வி.

கர்நாடகத்தில் ஒரே பெஞ்சுக்குப் பல விலை வைப்பது புதிய வழக்கமல்ல. 1989இல் மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ. 2,000, மற்ற கர்நாடக மாணவருக்கு ரூ. 25,000, வெளிமாநிலத்தவருக்கு ரூ. 60,000. மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் வசூலைக் கண்டித்தது. பிந்தைய தீர்ப்புகள் விதிகளை மாற்றின. ஆனால் ‘வெளியார்’ என்றால் தனிக் கட்டணம் என்ற முறை மட்டும் மறையவில்லை. இன்று அது பெரும்பாலும் டாலரில் எழுதப்படுகிறது.

அரசு நிறுவனங்களிலும் இதே கதைதான். என்.ஐ.டி.க்களில் வெளிநாட்டவரைச் சேர்க்கும் ‘டாசா’ திட்டத்தில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 டாலர் என்பது அண்மை ஆண்டுகளின் வழக்கம். நான்கு ஆண்டுக்கு 32,000. ஆனால் அதே திட்டத்துக்குள்ளேயே சலுகைகள் ஒளிந்திருக்கின்றன. இலங்கை, நேபாளம் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் உண்டு. அவர்கள் உள்ளூர் மாணவரின் கல்விக் கட்டணத்தையே செலுத்தலாம். இது தெரியாமல் தனியார் கல்லூரியின் டாலர் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் நஷ்டப்படுகிறார்கள். சேர்க்கை ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வழியாக என்பதால், பள்ளியிலேயே தயாராக வேண்டும்.

கட்டணமே இல்லாத வழியும் உண்டு. இந்திய கலாச்சார உறவுகள் கவுன்சில் (ஐ.சி.சி.ஆர்.) வெளிநாட்டவருக்குக் கல்விக் கட்டணத்தோடு மாத உதவித்தொகையும் தருகிறது. இலங்கை மாணவர்களுக்கு நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயரிலான திட்டங்கள் கொழும்பு இந்தியத் தூதரகம் வழியாக நடக்கின்றன. ராஜீவ் காந்தி திட்டம் தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கானது. 2018இல் தொடங்கிய ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டத்திலும் கட்டணத் தள்ளுபடிகள் உண்டு. இவை எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை.

கணக்கின் அடுத்த வரி விசா. இந்திய மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இதன் எடை புரியும். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் ஆண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் காட்ட வேண்டும். பிறகு ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம். இந்தியாவில் சாப்பாடும் வாடகையும் மலிவு. ஆனால் முழுப் பணமும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பொம்மசந்திராவில் எத்தனை தொழிற்சாலை இருந்தாலும் வெளிநாட்டு மாணவர் மாலை நேர வேலை தேட முடியாது.

விசா குறிப்பிட்ட கல்லூரிக்கெனவே கொடுக்கப்படுகிறது என்பது இன்னொரு சங்கடம். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்த கல்லூரி பிடிக்கவில்லை என்று நினைத்தபடி மாற முடியாது. அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தவறான தேர்வுக்கு ஒரு முழு ஆண்டே விலையாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு படிப்பு முடிந்த பிறகு தெரியவரும். இன்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவையும் உறுப்பினர்கள். ஆனால் இதன் பலன் எல்லா இந்தியப் பட்டங்களுக்கும் கிடைக்காது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. முதல் நிலையில் அங்கீகரித்த படிப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அந்த முதல் நிலை பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்.பி.ஏ. முத்திரை வைத்திருந்தாலும், அது இரண்டாம் நிலையாக இருக்கலாம். மேலும் அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, படிப்புக்கு. மெக்கானிக்கலுக்கு இருப்பது கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இல்லாமல் போகலாம். விளம்பரப் பலகையில் மின்னும் ‘நாக்’ கிரேடு வேறு சமாசாரம்.

அறிவியல் பட்டத்திலும் இதே பொறி. கர்நாடகம் 2024இல் நான்காண்டுப் பட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டு பி.எஸ்ஸி.க்குத் திரும்பியது. ஓராண்டுச் செலவு மிச்சம்தான். ஆனால் முதுகலைக்கு நான்காண்டுப் பட்டம் கேட்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வாசலில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

ஆகவே பணம் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நான்கு ஆண்டுக்கும் விடுதி, தேர்வுக் கட்டணம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும், இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு என்.பி.ஏ. முதல் நிலை அங்கீகாரமும் எந்த ஆண்டுவரை? சொந்த நாட்டின் இன்ஜினீயர் வாரியம் இந்தப் பட்டத்தை ஏற்குமா? முதல் இரண்டையும் கல்லூரி சொல்ல வேண்டும். மூன்றாவதை மாணவரே தன் நாட்டில் விசாரிக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் கல்லூரி சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் மலிவுதான். ஊர் திரும்பியதும் செல்லாத பட்டம் இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.