பொம்மசந்திராவில் இரண்டாம் அரிச்சுவடி

பெங்களூரை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவர் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிடலாம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக ஷிப்டுக்கு வரும் பஸ்ஸில் தமிழ், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் தமிழ், பக்கத்து மிஷினில் தர்மபுரிக்காரரோ திருவண்ணாமலைக்காரரோ. கன்னடப் பேச்சு தானாக ஒட்டிக்கொள்ளும். எழுத்து ஒட்டாது, உட்கார்ந்துதான் கற்க வேண்டும். கன்னடத்தில் சண்டை போடவும் சமாதானம் பேசவும் தெரிந்த தமிழர்கள், பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிறார்கள். லேத்தில் நின்ற காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

என்னை எழுத்துக்குள் தள்ளியது ஒரு பாதிக் கதை. உடன் வேலை பார்த்த ராய்ச்சூர்க்காரர் கேன்டீனில் ‘பிரஜாவாணி’ படிப்பார். ஞாயிறு இணைப்பில் கதை வந்தால் எனக்காகச் சத்தமாக வாசிப்பார். ஒரு நாள் கதை நடுவில் இருக்கும்போது சைரன் ஊதிவிட்டது. “மிக்கித்து நீனே ஓதப்பா”, மிச்சத்தை நீயே படி என்று பேப்பரைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்று இரவு அந்தத் தாளை விரித்து வைத்துப் பார்த்தேன். ‘பொன்னியின் செல்வ’னை ஐந்து பாகமும் படித்தவன், முதல் முறையாக எழுதப் படிக்கத் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

சந்தாபுரா கடைத்தெருவில் குழந்தைகளுக்கான வர்ணமாலைப் புத்தகம் வாங்கினேன். 49 எழுத்துகள். நம் ஒரே ‘க’ அங்கே நான்காகப் பிரிந்து நிற்கிறது. எங்கே எப்படி ஒலிப்பது என்று தமிழில் நாக்குக்குத் தெரிந்திருப்பதை அங்கே எழுத்தே சொல்லிவிடுகிறது. காகுணிதம், அதாவது உயிர்மெய் வரிசை, சீக்கிரம் பிடிபட்டது. ஒத்தட்சரம்தான் பாடாய்ப் படுத்தியது. நாம் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர்கள் முதல் எழுத்தின் காலடியில் சிறிதாகத் தொங்கவிடுகிறார்கள். பழைய கன்னடத்துப் பகரம் பத்தாம் நூற்றாண்டை ஒட்டி மெல்ல மெல்ல ஹகரமானது என்று தெரிந்தபோது பாலும் புலியும் ஹாலுவாகவும் ஹுலியாகவும் திரும்பி வந்தன. சொற்கள் கூட்டம் கூட்டமாகப் புரியத் தொடங்கின.

எழுத்து வந்ததும் முதலில் மாறியது, சக தொழிலாளிகளிடையே என் இடம். குறைந்தபட்சக் கூலி பற்றிய நோட்டீஸ் கன்னடத்தில் ஒட்டியிருக்கும். “அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு?” என்று காண்ட்ராக்ட் ஆட்கள் கூப்பிடுவார்கள். படித்துச் சொல்வேன். பிறகு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். நின்றுபோன ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, மருத்துவச் செலவு. அடுத்தவர் கஷ்டத்தை ஒரே பக்கத்தில், ஒரு அதிகாரி படித்து முடிக்கும்படி எழுத வேண்டும். எனக்குக் கிடைத்த எழுத்துப் பயிற்சி அதுதான். தமிழில் கட்டுரை எழுதும் துணிச்சல் அந்தக் கன்னட விண்ணப்பங்களிலிருந்து வந்தது.

கதைகளும் வந்தன. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891இல் பிறந்தது இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மாலூர் வட்டாரத்து ஹொசஹள்ளியில். வீட்டு மொழி தமிழ், எழுதியது கன்னடத்தில். ‘சிக்கவீர ராஜேந்திர’ எழுதிய அவருக்கு 1983க்கான ஞானபீடப் பரிசு கிடைத்தது. எதிர்த்திசையில் நம் எழுத்தாளர் பாவண்ணன். தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் போய், கன்னடம் கற்று, பைரப்பாவின் ‘பர்வ’ நாவலைப் ‘பருவம்’ என்று தமிழாக்கி சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு ‘ஊரும் சேரியும்’ தமிழுக்கு வந்ததும் அவர் கையால்தான். பிழைக்க வந்த ஊரின் எழுத்தை ஒருவர் கற்றதால் ஒரு மொழிக்கே இவ்வளவு வரவு என்பது இன்றும் எனக்குப் பெரிய வியப்பு.

“தமிழை விட்டுட்டியா?” என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் பார்த்தால் சோழர், ஒய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் கன்னடக் கல்வெட்டுகளும் அடுத்தடுத்து வருகின்றன. இந்த மண் இரண்டையும் சேர்த்தே சுமந்திருக்கிறது.

என் கவலை வேறு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நிலையப் பெயரை அப்பாவுக்குப் பிள்ளை படித்துக் காட்டுகிறது. அதே பிள்ளைக்கு ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. அதை அப்பா படித்துக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஓர் எழுத்து, பிள்ளைக்கு ஓர் எழுத்து. அதனால் எங்கள் வரிசை வீடுகளில் நான் சொல்லிவருவது இதுதான்: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை அப்பாவுக்குக் கன்னட எழுத்துச் சொல்லித் தரட்டும், அப்பா பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரட்டும். சில வீடுகள் தொடங்கிவிட்டன. அப்பாக்கள் ஒத்தட்சரத்தில் திணறுகிறார்கள். பிள்ளைகளுக்கு, இன்றைய கன்னடத்தில் இல்லாத ழகரமும் றகரமும் தகராறு.