கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிட்டதா? புல் வெட்டும் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல்!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தென்னந்தோப்பில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். காய் பறிக்க ஆள் வருவதற்குள் மரத்தடியைச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் விழுந்த காய் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது, பாம்பு பயம் வேறு. சரியென்று, மாசி மாதம் மோட்டார் ரூமில் மாட்டி வைத்த பிரஷ் கட்டரை எடுத்து வந்து கயிற்றை இழுத்தால்... பத்து இழுப்பு, இருபது இழுப்பு. ஒரு 'டப்' சத்தம்கூட இல்லை.

கூலிக்கு மெஷின் ஓட்டுபவருக்கு இது இன்னும் சிக்கல். மெஷின் ஓடவில்லை என்றால் அன்றைய வருமானம் போச்சு. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால், "கார்பரேட்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வரலாம். சில நேரம் அது உண்மைதான். ஆனால், பல மாதம் சும்மா கிடந்த மெஷின் என்றால், கார்பரேட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அதற்குள் போன பெட்ரோலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெட்ரோலுக்கும் வயசாகும்

பெட்ரோல் என்பது பல பொருள்களின் கலவை. அதில் சட்டென்று ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்க உதவுகிறது. டேங்கிலேயே விட்டுவைத்தால், நம் ஊர் கோடை வெயிலில் முதலில் பறந்துபோவது அந்தப் பகுதிதான். மீதி இருப்பது காற்றோடு வினைபுரிந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். கார்பரேட்டருக்குள் இருக்கும் ஜெட் துளை தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அதில் பிசின் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் இந்தச் சின்ன இன்ஜின்களுக்கு, வாங்கி ஒரு மாதத்துக்குள் இருக்கும் பெட்ரோலையே ஊற்றச் சொல்கிறார்கள். பெட்ரோல் பழசா என்று கண்டுபிடிக்க மூக்கே போதும். புது பெட்ரோலின் சுள்ளென்ற வாசனை போய், வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு நெடி வந்தால், யோசிக்காமல் வடித்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டூ ஸ்ட்ரோக் மெஷினில் ஊற்றுகிற ஆயிலுக்கே சாயம் உண்டு.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் பெரிய புல்வெளி வைத்திருப்பவர்கள், குட்டி டிராக்டர் மாதிரியான வண்டியில் உட்கார்ந்தபடி புல் வெட்டுவார்கள். பனிக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த அந்த வண்டி, வசந்தத்தில் எடுக்கும்போது இதே மாதிரிதான் அடம்பிடிக்கும்.

ஸ்பார்க் பிளக் சொல்லும் துப்பு

எதையும் கழற்றிப் போடுவதற்கு முன்னால், பிரச்னை பெட்ரோலிலா கரன்ட்டிலா என்று பிரித்துவிடுவது நல்லது. ஏழெட்டு முறை கயிற்றை இழுத்த பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் இன்ஜினுக்கு வந்து சேரவே இல்லை. சொதசொதவென்று நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஆனால் அளவுக்கு மேல் வந்திருக்கிறது, அல்லது பிளக்கில் நெருப்புப் பொறி இல்லை.

நனைந்திருக்கிறதா? பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். சுவிட்ச்சை ஆஃப் செய்து, சோக்கைத் திறந்த நிலையில் வைத்து, பிளக் இல்லாமலேயே ஐந்தாறு முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே தெறித்துவிடும். அப்போது பிளக் ஒயர் அந்தத் துளைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெளியே வருவது பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும்.

காய்ந்திருந்தால், டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் பாதையை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பபுளை அமுக்கினால் பாதி பதில்

கார்பரேட்டருக்கு அடியில் கண்ணாடிபோல ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாம் அமுக்குவது அதைத்தான். அது வெறும் பட்டன் இல்லை. அமுக்கினால் அமுங்கியே கிடந்து மெதுவாக எழும்புகிறதா? டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அல்லது டியூப் அடைத்திருக்கிறது. படக்கென்று எழும்பினாலும் உள்ளே பெட்ரோலுக்குப் பதில் காற்றுக்குமிழி மட்டும் ஓடுகிறதா? டியூபிலோ குமிழிலோ எங்கேயோ விரிசல் இருக்கிறது. அல்லது ஃபில்டர் முனை பெட்ரோலில் முங்கவில்லை.

ஃபில்டரைப் பார்க்க ஒரு கொக்கி போதும். கம்பியை வளைத்து டேங்க் வாய் வழியாக விட்டு, டியூபோடு வெளியே இழுத்தால் நுனியில் சின்ன உருண்டையாகத் தொங்கும். கறுத்துப்போய் அழுக்கேறி இருந்தால் புதிது போட்டுவிடுங்கள், விலை குறைவுதான். டியூபை வளைத்துப் பாருங்கள். வளையாமல் விறைத்திருந்தாலோ, கணுவில் வெடித்திருந்தாலோ அதையும் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு பிரச்னை பலரையும் குழப்பும். மெஷின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, அஞ்சு நிமிஷம் ஓடுகிறது, பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். அடுத்த முறை அப்படி நின்றால், இன்ஜின் ஆறியதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கான நுண்துளை பெரும்பாலும் மூடியிலேயே இருக்கும். புல் தூசியும் ஆயிலும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், டேங்க் பெட்ரோலை விடாது. மூடியைக் கழுவினால் தீர்ந்துவிடும் பிரச்னைக்காக கார்பரேட்டர் மாற்றியவர்கள் நிச்சயம் இருப்பார்கள்!

கார்பரேட்டர் கைக்கு வந்தால்

சோக் போட்டால் ஓடுகிறது, திறந்தால் அணைந்துவிடுகிறது என்றால், ஜெட் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிடலாம். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம். பித்தளைத் துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், பிறகு எப்போதும் புகைதான். பிரஷ் கட்டர் கார்பரேட்டரில் டயஃப்ரம் என்று மெல்லிய தகடு ஒன்று உண்டு. விரலால் தொட்டால் துணிபோல வளைய வேண்டும். பிளாஸ்டிக் தாள்போலச் சடசடத்தால் டயஃப்ரம், கேஸ்கெட் அடங்கிய ரிப்பேர் கிட் மட்டும் கேட்டு வாங்கலாம். முழு கார்பரேட்டரையும் மாற்றத் தேவையில்லை.

பவர் வீடர், ஜெனரேட்டர் மாதிரி தரையில் நிற்கும் மெஷின்களில் கார்பரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணமும், அதில் வடிகால் போல்ட்டும் இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டேங்க் முழுவதையும் வடித்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நம் பெட்ரோலில் 10% எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20% கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். அதற்குமேல் எவ்வளவு குலுக்கினாலும் பயனில்லை. பழைய மாடல்களின் ரப்பர் டியூபுக்கும் எத்தனால் அவ்வளவாக ஆகாது. பல சிறு இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் வேண்டாம் என்றே இருக்கும். அமெரிக்காவில் 15% எத்தனால் கலந்த பெட்ரோலைப் புல்வெட்டிகளில் ஊற்றவே அனுமதி இல்லை. இங்கே நமக்குத் தேர்வு இல்லை. ஆகவே, வேலை முடிந்ததும் டேங்கில் மிச்சம் வைக்காமல் இருப்பதுதான் வழி. சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, மெஷினைத் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டருக்குள் இருப்பதும் எரிந்து தீரும்.

ஆயில் கலக்கும்போது...

இன்ஜின் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், வெறும் பெட்ரோல் போதும். தனி மூடி இல்லையென்றால் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் 25:1 என்று இருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. கண் அளவு வேண்டாம். ஆயில் கூடினால் புகையும், பிளக் கரியேறும். அதுகூடப் பரவாயில்லை. ஆயிலே இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம்.

டியூபை வாயில் வைக்காதீர்கள்

பெட்ரோலை வடிக்க டியூபை விட்டு வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு வயிற்றுக்குள் போவதைவிட, சில சொட்டு மூச்சுக்குழாய்க்குள் போவது ஆபத்து. நுரையீரல் வெந்ததுபோல ஆகி, நிமோனியா வரை போகும். மெஷினைச் சாய்த்து வடியுங்கள், அல்லது கை பம்ப் பயன்படுத்துங்கள். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தள்ளி இருக்கும் நெருப்பையும் எட்டிவிடும்.

வடித்ததைத் தண்ணீர் பாட்டிலிலோ, ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது குடிக்கிற பாட்டிலாகத்தான் தெரியும். அப்படி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் போக வாய்ப்பு அதிகம். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். எந்த பாட்டிலில் இருந்து குடித்தார் என்று டாக்டரிடம் காட்ட, அந்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.