அடிப்பது அலை மட்டுமல்ல

பாய்மரப் படகு விபத்து என்றதும் நமக்குப் புயலும் மூழ்குதலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காயங்களில் பெரும்பாலானவை படகின் தளத்திலேயே நேர்கின்றன. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் ‘பூம்’ என்ற நீண்ட கட்டையையே பாருங்கள். பின்காற்றில் போகும் படகு சற்றே திசை பிசகினால், காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் தளத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் வீசும். சிறு படகுகளில் அது போகும் உயரத்தில்தான் ஆட்களின் தலை இருக்கிறது. கயிறும் லேசுப்பட்டதல்ல: நழுவினால் உள்ளங்கைத் தோலை உரிக்கும், கையில் சுற்றிப் பிடித்திருந்தால் விரலையே நசுக்கிவிடும்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு நேர்வது என்பார்கள். பிரான்சின் பேர்பெற்ற மாலுமி எரிக் தபார்லி கற்றுக்குட்டியா என்ன? 1998 ஜூனில், வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால், இரவில் பாயை மாற்றும்போது பாய்க்கட்டை மோதிக் கடலில் விழுந்து இறந்தார். உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. அப்படியானால் தலைக்கவசம் போதாதா? அது அடியின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விழுகிறவரைப் பிடித்து நிறுத்தாது. அதற்குப் படகோடு பிணைக்கும் வார் வேண்டும். பின்காற்றில் பூம் புரளாதபடி கயிறு போட்டுக் கட்டுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், கரை சேர்ந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள்.