மலை இறங்கிப் போய் டை அடித்தால்... வேர் செம்பட்டை, நுனி கறுப்பு, முகம் வீக்கம்!

கொல்லிமலை:

கொல்லிமலையில் இருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் சுற்றி இறங்கி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போய், சலூன் நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கு டை அடித்துக் கொண்டு கண்ணாடியைப் பார்த்தால்... அய்யோ! கேட்டது ஒன்று, தலையில் இருப்பது வேறொன்று.

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் மலையில் வல்வில் ஓரி விழா. அதை ஒட்டி சொந்த பந்தம் வருகிறது. போட்டோ எடுக்கிறார்கள். அடுத்து ஆவணி முகூர்த்தம். நரைத்த தலையோடு நிற்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஒரு மிளகு தோட்டக்காரர் என்று வைத்துக் கொள்வோம். வயது 50. பெண்ணுக்கு கல்யாணம். இத்தனை வருடமும் பாக்கெட் டையை வீட்டிலேயே கரைத்து அடித்துக் கொண்டவர். கல்யாணத்துக்கு மட்டும் கொஞ்சம் ஸ்டைலாக "பிரவுன்" போடலாம் என்று மருமகப் பிள்ளை வீட்டுப் பையன்கள் ஏற்றி விடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு 3 நாள் இருக்கும்போது டவுனுக்கு போகிறார்.

"பிரவுன் வருங்களா தம்பி?"

"சூப்பரா வருங்ணா. உட்காருங்க."

அரைமணி நேரம். தலையை அலசித் துடைத்தால் வேரில் பளீரென்று செம்பட்டை. நுனியில் பழைய கறுப்பு அப்படியே. தலையில் இரண்டு கட்சி!

"என்னங்க தம்பி இது, நாட்டு நாய் வாலு மாதிரி?"

என்ன நடந்தது?

சலூன்காரர் ஏமாற்றவில்லை. அவர் போட்டது பிரவுன் சாயம்தான். ஆனால் சாயத்தின் மேல் சாயம் போட்டால் கீழே உள்ள கறுப்பு வெளுக்காது. தொழில் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். புதிதாக முளைத்த வெள்ளை வேர் மட்டும் சாயத்தைக் குடித்து சிவந்து நிற்கும். பழைய டை ஏறிய நுனி அசையாது.

அதை வெளுக்க வேண்டும் என்றால் பிளீச் போட வேண்டும். கறுப்பு முடி பிளீச்சில் நேராக பிரவுன் ஆகாது. முதலில் செந்நிறம், பிறகு ஆரஞ்சு, அதற்குப் பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். பாதியில் நிறுத்தினால் ஆரஞ்சுத் தலைதான்! "இதற்கு முன்னால் என்ன போட்டிருந்தீங்க?" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வம்பு இல்லை. இவரும் பாக்கெட் டை கதையை வெட்கப்படாமல் சொல்லி இருக்கலாம்.

மருதாணி போட்டவர்கள் நிலையும் இதேதான். அசல் மருதாணி இலை நரை முடியில் சிவப்பு தருமே தவிர கறுப்பு தராது. மருதாணிக்குப் பிறகு அவுரி இலைப் பொடியை வைத்தால் கறுப்பு வரும். அதற்கு பொறுமை வேண்டும், அரை நாள் போய் விடும். "ஹெர்பல்", "கறுப்பு மருதாணி" என்று எழுதிய பாக்கெட் அரைமணியில் கன்னங்கரேல் என்று ஆக்கினால், உள்ளே இலை மட்டும் இல்லை என்று அர்த்தம்.

அந்த மருந்து

உள்ளே இருப்பது பெரும்பாலும் பாரா பினிலீன் டையமின் என்ற ரசாயனம். சுருக்கமாக பி.பி.டி. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கண்டுபிடித்தது. 1907-ல் பிரான்ஸ் நாட்டு கெமிஸ்ட் யூஜின் சூலேர் இந்த வகை ரசாயனத்தில் தலைச் சாயம் செய்து பாரீஸ் சலூன்களுக்கு விற்றார். அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய லோரியல்.

கலக்கும்போது இதில் நிறம் பெரிதாக இருக்காது. பெராக்சைடு சேர்ந்ததும் முடிக்குள் புகுந்து அங்கேயே கறுப்பாகி சிக்கிக் கொள்ளும். அதனால்தான் குளித்தாலும் போவதில்லை. இது சிலர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளாது. முதல் தடவை ஒன்றும் செய்யாமல், பத்தாவது தடவை பழி வாங்கும். "பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு இங்கே செல்லாது.

நம் தோட்டக்காரர் கதைக்கு வருவோம். செம்பட்டையோடு எப்படி மணமேடை ஏறுவது? "கறுப்பே அடிச்சு உடுங்க" என்கிறார். அதே நாளில், ஏற்கனவே எரிந்து கிடக்கும் மண்டைத்தோல் மேல் மறுபடி சாயம். தலை கறுத்து விட்டது. சந்தோஷமாக பஸ் ஏறுகிறார்.

மறுநாள் நெற்றியில் அரிப்பு. அடுத்த நாள் கண் இமை வீங்கி, காது தடித்து, தலையில் நீர் கோத்த கொப்புளம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "மாமாவுக்கு என்ன, தேனீ கொட்டிடுச்சா?" என்று விசாரிக்கிறார்கள். அலர்ஜி உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால், டையினால் வந்தது என்றே பலருக்கு தெரிவதில்லை.

இப்படி ஆனால் தலையை நிறைய தண்ணீர் விட்டு அலசி விட்டு டாக்டரிடம் போக வேண்டும். மேலே எண்ணெய், பச்சிலை என்று பூசிக் கொண்டு உட்காரக் கூடாது. மூச்சு முட்டினாலோ, நாக்கு, தொண்டை வீங்கினாலோ தாமதம் கூடாது. 108-க்கு போன் செய்ய வேண்டும். 70 வளைவு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பாக்கெட்டில் இருக்கிறது

இதற்கு சட்டம் இல்லாமல் இல்லை. இந்த வகை டை பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று மருந்து, அழகுப் பொருள் விதிகள் சொல்கின்றன. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ சோப்பு போட்டுக் கழுவி, துளி சாயம் தடவி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்த சோதனை உண்டு. 2 நாள் பொறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. புருவத்துக்கும் இமைக்கும் அறவே கூடாது. கண் பார்வைக்கே ஆபத்து. எழுத்து கடுகு சைஸில் இருக்கும். சலூனில் அந்த அட்டை குப்பைக் கூடைக்கு போய் விடும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "காதுல தடவிக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுவார். மலைக்காரருக்கோ இன்னொரு முறை இறங்கி ஏற ஒரு நாள் கூலி போச்சு. இன்னொரு விஷயம்: வருகிறவருக்கு மாதம் ஒரு தடவைதான் டை. அடிக்கிறவருக்கு தினமும். கையுறை இல்லாமல் கலக்கும் சலூன் தொழிலாளர்களுக்கு விரல் இடுக்கு வெடித்து, புண்ணாகி, கடைசியில் தொழிலையே விட வைக்கும் சரும நோய் இதனால் வருகிறது. அதை யாரும் கேட்பதில்லை.

கோர்ட்டு ஏறிய கூந்தல்

கெட்டுப் போன தலைக்கு நஷ்ட ஈடு கேட்க முடியுமா? முடியும். ஒரு கூந்தல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அது சாயம் அல்ல, முடி வெட்டிய விவகாரம்.

2018-ல் டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் ஒன்றுக்கு போன மாடல் அழகி, கீழே இருந்து 4 அங்குலம் வெட்டச் சொன்னாராம். கடையில் 4 அங்குலத்தை மட்டும் விட்டு மீதியை வெட்டி விட்டார்கள் என்று புகார். 2021-ல் தேசிய நுகர்வோர் கமிஷன் 2 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால் 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தொகையை ரத்து செய்து வழக்கை திருப்பி அனுப்பியது. சேவையில் குறை இல்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. இவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது.

கோடிக்கு மட்டும் அல்ல, ஆயிரத்துக்கும் ஆதாரம் வேண்டும். பில், டை பாக்கெட், வீங்கிய முகத்தின் போட்டோ, டாக்டர் சீட்டு. பில் தர மறுப்பதே 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி தவறு. டை சேலத்தில் அடித்தாலும் சென்னையில் அடித்தாலும், கொல்லிமலைக்காரர் நாமக்கல் மாவட்ட கமிஷனிலேயே 2 வருடத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரத்துக்கு கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற நம்பருக்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

நம் தோட்டக்காரர் இதில் எதையும் செய்ய மாட்டார். பில் வாங்கி இருக்க மாட்டார். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அடுத்த மாதமே வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும். கறுப்பும், உள்ளே செம்பட்டையும், அடியில் வெள்ளையுமாக எத்தனை நாள் துண்டு கட்டிக் கொண்டு திரிவது?

பேசாமல் பழனிக்கு பஸ் ஏறுகிறார்.

"என்ன மாமா, திடீர்னு மொட்டை?"

"வேண்டுதலுங்க மாப்பிள்ளை."